பாப்பம்மாள் வீட்டில் மூவர்

பூந்தாங்கலில் பாப்பம்மாளிடம் வாயைக் கொடுத்து மீண்டவர் யாரும் கிடையாது. ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகிற ரோட்டில் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிற ஊர் அது. அங்கே பள்ளிக்கூடத்துச் சத்துணவு ஆயா அவள். ஒரு தடவை அழுகல் முட்டை வந்து இறங்கிவிட்டது. ஜீப்பில் வந்த அதிகாரியை வழிமறித்து, முட்டையை உரித்து அவர் மூஞ்சிக்கு நேரே நீட்டி, "இத உம் புள்ளைக்குக் குடுப்பியா சார்? மொதல்ல நீ ஒண்ணு துண்ணு, நான் கண்ணால பாக்கறேன்" என்றாள். அந்த மனுஷர் அப்புறம் பூந்தாங்கல் பக்கம் வந்தால் ஜீப்பை விட்டு இறங்குவதே இல்லை.

புருஷன் சின்னப்பையன் கல்குவாரியில் பாறை சரிந்து செத்துப் போனபோது மகள் இசைவாணி கைக்குழந்தை. மணிமங்கலத்திலிருந்து அண்ணன்மார் வந்து, "கெளம்பு, எங்ககூடவே வந்து இரு" என்று கூப்பிட்டார்கள். "உங்க பொண்டாட்டிங்க மூஞ்சியப் பாத்துகினு துண்ற சோறு எனக்குத் தொண்டையில எறங்காது" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டாள். திமிர்தான், யார் இல்லை என்றது? அந்தத் திமிர் இல்லாவிட்டால் ஒற்றைப் பொம்பளையாக நின்று ஒரு பெண்ணை வளர்த்து, பத்தாவது வரைக்கும் படிக்க வைத்து, ஷூ கம்பெனியில் தையல் மிஷினுக்கு அனுப்பியிருக்க முடியுமா?

அப்பேர்ப்பட்டவள் தொண்ணூற்றொன்றாம் வருஷம் ஆடி மாசத்தில் தன் வீட்டுக்குள்ளேயே குசுகுசுவென்று பேச ஆரம்பித்தாள். பாத்திரம் கீழே விழுந்தால் பதறினாள். வாசலில் சைக்கிள் மணி கேட்டால் ஓடிப்போய்க் கதவைச் சாத்தினாள். பயம் என்ற ஒன்று தனக்கும் உண்டு என்று அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

விஷயம் இதுதான். கம்பெனியில் எலக்ட்ரீசியன் வேலை பார்த்த யாக்கோபு என்கிற பையனுக்கும் வாணிக்கும் பழக்கம். படப்பைக்காரன், வேதக்கார வீட்டுப் பிள்ளை. பாப்பம்மாள் முதலில் குதியோ குதி என்று குதித்தாள். அப்புறம் அந்தப் பையனே நேரில் வந்து, எதிரே உட்காரக்கூட மாட்டேன் என்று நின்றுகொண்டே பேசியதைப் பார்த்து மனசு இளகி, "செரி, ஆவணியில வெச்சிக்கலாம்" என்று ஒத்துக்கொண்டாள். அதற்குள் வைகாசி வந்தது. ஸ்ரீபெரும்புதூரில் அந்தக் குண்டு வெடித்தது. அதற்குப் பிறகு அந்தச் சுற்றுவட்டாரத்தில் யாரும் நிம்மதியாக ஒரு வாய் சோறு தின்னவில்லை. ஊருக்குள் எந்நேரமும் ஜீப்பு. கம்பெனி வாசலில் விசாரணை. யாக்கோபின் அறையில் ஒயரும் பேட்டரியும் பிரித்துப் போட்ட ரேடியோக்களும் கிடந்தன. எலக்ட்ரீசியன் அறையில் ஒயர் இல்லாமல் வெண்டைக்காயா கிடக்கும்? டீக்கடையில் நின்றவனை, "விசாரிச்சிட்டு அனுப்பிடறோம்" என்று கூட்டிப் போனார்கள். போனவன் போனவன்தான். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று அவனைப் பெற்றவர்களுக்கே தெரியவில்லை.

ஆனியில் வாணி தாய் மடியில் விழுந்து அழுதாள். "யம்மா, நாள் தள்ளிப் போயி ரொம்ப நாளாச்சும்மா."

பாப்பம்மாள் முதலில் அடித்தாள். கை வலிக்க அடித்துவிட்டு, அடித்த கையாலேயே தலையில் போட்டுக்கொண்டு அழுதாள். கலைத்துவிடலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. வாணி முந்திக்கொண்டாள்: "அவரு திரும்பி வந்து கேட்டா நான் இன்னாம்மா சொல்லுவேன்?" பாப்பம்மாள் அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டாள். ஊருக்குத் தெரிந்தால் நாறடித்துவிடுவார்கள். போலீசுக்குத் தெரிந்தாலோ, யாக்கோபின் பிள்ளையைச் சுமக்கிறவள் என்று மகளையும் ஜீப்பில் ஏற்றிவிடுவார்கள். அவன் வந்து தாலி கட்டுகிற வரைக்கும் அந்த வயிறு ஒருத்தர் கண்ணிலும் படக்கூடாது. அந்தக் கவலை ஒன்றுதான் பாப்பம்மாளைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது.

ஆடி பிறந்ததும் தாவணிக்கு மேலே வயிறு தெரிய ஆரம்பித்தது. ஒரு நாள் விடியற்காலையில் பாப்பம்மாள் வேப்பங்கொத்து ஒடித்து வந்து வாசல் நிலையில் செருகினாள். வாசலில் மஞ்சத்தண்ணி தெளித்தாள். தெருவில் முதலில் எழுந்து வருகிறவள் எதிர்வீட்டுக் கங்கம்மாள். அவள் வேப்பிலையைப் பார்த்ததும் அங்கேயே நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"யாருக்கு எக்கா?"

"வாணிக்கு. ஆத்தா வந்துட்டா."

அவ்வளவு போதும். அம்மை போட்ட வீட்டு வாசற்படியை அந்தப் பக்கத்தில் யார் மிதிப்பார்கள்? கம்பெனிக்காரனும் வரவேண்டாம் என்றுதான் சொல்லுவான். படுத்திருக்கிறவளே மாரியம்மா, அவளைப் பார்க்கக் கூடாது, பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, வீட்டில் தாளிக்கக் கூடாது. பாப்பம்மாள் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தாள். செய்யச் செய்ய அவளுக்குப் பயம்தான் கூடியது. ஏனென்றால் தெருவே அவள் பொய்யை நம்பித் தொலைத்தது. கங்கம்மாள் கூழ் காய்ச்சிக் கொண்டுவந்து படிக்கு வெளியே வைத்துவிட்டு, "தாயே, எம் மவனுக்கு ஒரு வேலை அமையணும்" என்று வீட்டைப் பார்த்துக் கும்பிட்டாள். ஒருத்தி எலுமிச்சம்பழம் உருட்டிவிட்டாள். ஒருத்தி இளநீர் கொண்டுவந்து வைத்தாள். உள்ளே வாணி அந்த இளநீரைக் குடிக்க மாட்டேன் என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"குடிடீ. வயித்துல கீறதுக்கு ஆவட்டும்" என்று பாப்பம்மாள் கெஞ்சினாள். அப்புறம் மூலையில் உட்கார்ந்து, "ஆத்தா, பொய்தான். தெரிஞ்சேதான் சொன்னேன். கோவத்த என் மேல காட்டு, அந்தப் பச்ச மண்ணு மேல காட்டாத" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வேண்டினாள். ஒவ்வொரு நாளும் இதே வேண்டுதல்தான்.

இப்படி இருக்கையில்தான் காதுவண்டி வந்தது.

டில்லியிலிருந்து கொண்டுவந்தார்கள் என்றார்கள். ஆள் இடுப்பு உயரத்தில் இரும்புப் பெட்டி, கீழே டாங்கி மாதிரி பட்டைச் சக்கரம், உச்சியில் ஒலிபெருக்கிக் குழாய் மாதிரி ஒரு பெரிய அலுமினியக் காது. யாரும் தள்ள வேண்டாம், இழுக்க வேண்டாம், அதுவே ஊர்ந்து போகும். ஒரு வீட்டு வாசலில் நிற்கும். காதை வீட்டுப் பக்கம் திருப்பும். சுவருக்கு அந்தப் பக்கம் எத்தனை நெஞ்சு அடித்துக்கொள்கிறது என்று கேட்டு எண்ணும். அப்புறம் ரேடியோவில் செய்தி வாசிக்கிற அம்மா குரலில், தெருவே கேட்கிற மாதிரி, "இவ்வீட்டில் ஐவர் உள்ளனர்" என்று அறிவிக்கும். கூட வருகிற போலீஸ்காரர் ரேஷன் கார்டை வாங்கிப் பேரை எண்ணிப் பார்ப்பார். கூடுதலாக ஒரு ஆள் இருந்தால் தொலைந்தது கதை. வாலாஜாபாத் பக்கத்தில் வைக்கோல் போருக்குள் ஒளிந்திருந்த ஒருத்தனை இது கண்டுபிடித்துவிட்டது என்றும், அவன் மூச்சை அடக்கியும் நெஞ்சை அடக்க முடியவில்லை என்றும் சொன்னார்கள். அப்படியெல்லாம் சொன்னால் ஜனங்களுக்குத் தூக்கம் வருமா? புருஷன் பெண்டாட்டி சண்டை நின்றது. மாமியாரைத் திட்டுகிறவள் வாயை மூடிக்கொண்டாள். நெஞ்சு அடிப்பதைக் கேட்கிறது நெஞ்சுக்குள் நினைப்பதைக் கேட்காதா என்று ஒருத்தன் கிளப்பிவிட்டான். அன்றிலிருந்து சிலர் நினைப்பதற்கே பயந்தார்கள்.

பக்கத்துத் தெருவில் அது முதல் தடவை வந்த வெள்ளிக்கிழமை சுப்பிரமணி வீட்டு வாசலில் நின்று, "இவ்வீட்டில் நால்வர் உள்ளனர்" என்றது. கார்டில் ஐந்து பேர். ஐந்து பேரும் வீட்டில்தான் இருந்தார்கள். சுப்பிரமணியின் பெண்டாட்டி, "இன்னாங்கய்யா, உங்க வண்டிக்குக் காது செவுடு" என்று சிரித்தாள். வண்டி மறுபடியும் நால்வர் என்றது. அப்புறம்தான் உள்ளே போய்ப் பார்த்தார்கள். கட்டிலில் படுத்துக் கிடந்த சுப்பிரமணியின் அப்பா எந்நேரமோ போய்ச் சேர்ந்துவிட்டிருந்தார். உடம்பில் சூடுகூட அடங்கவில்லை. சொந்த வீட்டுச் சாவைத் தெருவில் நின்ற இரும்புப் பெட்டி சொல்லித் தெரிந்துகொண்டார்கள். அந்தச் சேதியைக் கேட்டுப் பாப்பம்மாள் வாணியிடம் வந்து சொன்னாள். "சாவு வூட்டுல அழுவுறதுக்கு முன்னாடி அது சொல்லுதுடீ. இன்னா ஜென்மமோ அது."

ஆனாலும் ஒரு தைரியம் இருந்தது அவளுக்கு. கார்டில் ரெண்டு பேர், வீட்டிலும் ரெண்டு பேர். எண்ணிவிட்டுப் போகட்டும். உள்ளே நுழைந்து வாணியைப் பார்க்காமல் இருந்தால் சரி. அதற்குத்தான் வேப்பிலை இருக்கிறதே.

அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் அது அவள் தெருவுக்கு வந்தது. கூட ஏட்டு தாண்டவராயன். வாலாஜாபாத்தில் பிறந்து வளர்ந்த மனுஷர். துப்பாக்கியோடு ரெண்டு பேர். அவர்களுக்குப் பின்னால் கறுப்புக் கண்ணாடி போட்ட வடக்கத்தி அதிகாரி ஒருவர். தாண்டவராயன் வேப்பிலையைக் கண்டதும் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "எட்டத்துலயே நில்லும்மா, கார்ட மட்டும் படியில வெச்சிடு" என்றார். பாப்பம்மாளுக்கு உயிர் திரும்பி வந்தது. கார்டைப் படியில் வைத்துவிட்டு நிலைக்கு உள்ளே வந்து நின்றாள்.

காது திரும்பியது. பெட்டிக்குள் மெல்லியதாக எதுவோ உறுமியது. மற்ற வீடுகளைவிட இங்கே அதிக நேரம் நின்ற மாதிரி இருந்தது.

"இவ்வீட்டில் மூவர் உள்ளனர்."

பாப்பம்மாளுக்கு முதலில் விளங்கவில்லை. மூணா? திரும்பி வீட்டுக்குள் பார்த்தாள், யாராவது திருடன் புகுந்துவிட்டானா என்று. அப்புறம் பளிச்சென்று விளங்கியது. வாணியின் வயிற்றுக்குள் ஒரு நெஞ்சு அடித்துக்கொண்டிருக்கிறது. பெற்றவள் காதுக்கே கேட்காத அந்தச் சத்தம் இந்தப் பாழாய்ப் போன பெட்டிக்குக் கேட்டிருக்கிறது.

தாண்டவராயன் கார்டைப் புரட்டினார். "ரெண்டு பேருதான கீது? மூணாவது ஆளு யாரும்மா?"

"யாரும் இல்லீங்கய்யா. சத்தியமா யாரும் இல்ல. நானும் எம் பொண்ணும்தான்."

வண்டி அதே குரலில், அதே மரியாதையோடு, மறுபடியும் சொன்னது: "இவ்வீட்டில் மூவர் உள்ளனர்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். ஏதோ ஹிந்தியில் சொன்னார். துப்பாக்கிக்காரர்களில் ஒருத்தன் வீட்டின் பின்பக்கம் ஓடினான். இன்னொருத்தன் வாசலுக்கு நேரே துப்பாக்கியை நீட்டினான். தாண்டவராயன், "யம்மா, உள்ள ஆம்பள யாராச்சும் ஒளிஞ்சிகினு இருந்தா கைய தூக்கிகினு வரச் சொல்லிடும்மா. இல்லன்னா இவங்க உள்ள பூந்து சுட்டுருவாங்க" என்றார்.

உண்மையைச் சொன்னால் மகள் மானம் தெருவில் கிடக்கும். சொல்லாவிட்டால் மகளே கிடப்பாள். ஒரு தாய்க்கு இப்படி ஒரு நிலைமை வரலாமா? பாப்பம்மாள் வாய்க்கு வந்தபடி உளறினாள். ஆனால் அது உளறல் மாதிரி வரவில்லை, சாமி வந்தவள் குரல் மாதிரி வந்தது.

"மூணாவது ஆளு யாருன்னா கேக்குற? வேப்பல தெரியல உங் கண்ணுக்கு? ஆத்தா கீறாடா உள்ள! மாரியாத்தா வந்து குந்திகினு கீறா! அவதாண்டா மூணாவது!"

கங்கம்மாள் எதிர்வீட்டு வாசலில் நின்றவள் நின்ற மேனிக்குத் தெருமண்ணில் விழுந்தாள். "ஆத்தா, மிஷினே சொல்லிடுச்சே ஆத்தா!" என்று அலறினாள். அவ்வளவுதான், தெருப் பொம்பளைகள் குலவை போட ஆரம்பித்துவிட்டார்கள். யாரோ சூடம் கொளுத்தினார்கள். ஆத்தா இருக்கிறாள் என்று இத்தனை நாள் நம்பியதை இன்றைக்குக் கவர்மெண்ட் மிஷினே எண்ணிச் சொல்லிவிட்டது, இதற்கு மேல் என்ன வேண்டும்? தாண்டவராயன் ஷூவைக் கழற்றவா வேண்டாமா என்று தவித்துக் கைகூப்பி நின்றார். போலீசுக்குப் பயந்ததைவிட, தான் சொன்ன வார்த்தைக்குப் பாப்பம்மாள் அதிகம் பயந்தாள்.

அதிகாரிக்கு ஆத்தாவும் தெரியாது, வேப்பிலையும் தெரியாது. அவர் கைத்துப்பாக்கியை எடுத்தார். வேப்பங்கொத்தைக் கையால் ஒதுக்கிவிட்டுப் படியில் ஷூக்காலை வைத்தார்.

"சுடாதீங்க சார்!"

வாணி. உள்ளறையிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். முகத்தில் ஒரு அம்மைக் கொப்புளம் இல்லை. தாவணி விலகி வயிறு தெரிந்தது. அவள் அதை மூடவில்லை.

"வேற யாரும் இல்ல சார். மூணாவது எம் புள்ள."

குலவைச் சத்தம் அங்கொன்றும் இங்கொன்றுமாக அறுந்து நின்றது. தாண்டவராயன் மொழிபெயர்த்துச் சொன்னார். அதிகாரி வயிற்றைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். அவருக்கு அந்த இயந்திரத்தின் திறமை பிடித்துப் போயிருக்க வேண்டும், லேசாகச் சிரித்தார். அப்புறம், "யாருடையது?" என்று கேட்கச் சொன்னார்.

"சொல்லாதடீ, சொல்லாதடீ" என்று பாப்பம்மாள் மகளின் வாயைப் பொத்தப் போனாள். வாணி கையைத் தட்டிவிட்டாள். "யாக்கோபு. நீங்கதான புட்ச்சிகினு போனீங்க. திரும்பக் குடுங்க" என்றாள்.

அழைத்துப் போகத்தான் போகிறார்கள் என்று பாப்பம்மாள் மகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஆனால் அவன் கூட்டாளி எவனாவது இங்கே ஒளிய வந்தால் அகப்படுவான் என்று நினைத்தாரோ என்னவோ, அதிகாரி தலையை மட்டும் ஆட்டிவிட்டு, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இந்த வீட்டை எண்ணவேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டுப் போனார். வண்டி அடுத்த வீட்டுக்கு ஊர்ந்தது. "இவ்வீட்டில் அறுவர் உள்ளனர்" என்றது.

கங்கம்மாள் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். நேரே வந்து வேப்பங்கொத்தை நிலையிலிருந்து பிடுங்கினாள். "உன் வூட்டு அசிங்கத்துக்கு நான் வுழுந்து கும்பிட்டனேடீ! கூழு ஊத்தினனேடீ! ஆத்தா பேரையாடீ சொன்ன? அவ கணக்கு தீக்காம வுட மாட்டாடீ!" என்று சபித்துவிட்டுப் போனாள். பாப்பம்மாள் பயந்துகொண்டிருந்ததைத்தான் கங்கம்மாள் வாய்விட்டுச் சொன்னாள்.

அதற்குப் பிறகு தெருவில் யாரும் பாப்பம்மாளிடம் பேசவில்லை. அவள் கையால் ஆக்கினால் எங்கள் பிள்ளைகள் தின்னாது என்று பள்ளிக்கூடத்தில் போய்ச் சொன்னார்கள். பாத்திரம் கழுவுவதோடு நில் என்று அவளை ஒதுக்கினார்கள். அழுகல் முட்டைக்காக அதிகாரியை உலுக்கியவள் இதற்குத் தலையைக் குனிந்துகொண்டு கழுவினாள்.

வெள்ளிக்கிழமைதோறும் வண்டி வந்தது. அதிகாரி வருவதில்லை, தாண்டவராயன் மட்டும் வருவார். "இவ்வீட்டில் மூவர் உள்ளனர்." தெருப் பொடிசுகள் பின்னாலேயே ஓடி வந்து, "மூவர்! மூவர்!" என்று கத்திக் கைதட்டும். முதல் வாரம் பாப்பம்மாள் கதவைச் சாத்திக்கொண்டு காதைப் பொத்தினாள். எரியட்டும் அந்தப் பெட்டி, இடி விழட்டும் அதன் தலையில் என்று சபித்தாள்.

ஆனால் பாருங்கள், மனுஷ மனசு எவ்வளவு விசித்திரம். அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை வாணி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, வயிற்றில் கை வைத்துக்கொண்டு, வண்டி சொல்லி முடித்ததும் லேசாகச் சிரித்தாள்.

"இன்னாடீ சிரிப்பு?"

"இல்லம்மா. இந்த ஊருல எம் புள்ளைய ஒரு ஆளா மதிச்சிச் சொல்றது அது ஒண்ணுதான்."

பாப்பம்மாள் திட்ட வாயெடுத்தவள் திட்டவில்லை. உண்மைதானே. கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குப் போனால் புருஷன் பேர் கேட்பார்கள் என்று வாணியைக் கூட்டிப் போகவில்லை. நாடி பார்க்க ஒரு கிழவி கிடையாது. பிள்ளை உயிரோடு இருக்கிறது என்று வாரத்துக்கு ஒருமுறை வந்து சொல்ல அந்தச் சனியன் பிடித்த பெட்டியை விட்டால் வேறு நாதி இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக அவள் வெள்ளிக்கிழமைக்குக் காத்திருக்க ஆரம்பித்தாள். காலையிலேயே வாசல் தெளித்து, கதவை விரியத் திறந்து வைத்து, நிலையில் வந்து நிற்பாள். "மூவர்" என்ற சொல் காதில் விழுகிற வரைக்கும் ஆத்தாவின் கோபம் அவள் கழுத்தில் கத்தியாக நிற்கும். விழுந்ததும், "மன்னிச்சிட்டா, இந்த வாரமும் மன்னிச்சிட்டா" என்று மூச்சு விடுவாள்.

ஆவணி பிறந்தது. தாண்டவராயன் ஒரு நாள் வண்டியை முன்னால் போகவிட்டு, யாரும் பார்க்காத மாதிரி குனிந்து ஷூக் கயிற்றைக் கட்டுகிற சாக்கில் சொன்னார்: "அந்தப் பையன் உசுரோடதான் கீறான்மா. அவம்மேல ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சிபோச்சி. கூடிய சீக்கிரம் வுட்ருவாங்க. நான் சொன்னேன்னு சொல்லாத."

அன்றைக்கு ராத்திரி அந்த வீட்டில் ரொம்ப நாளைக்குப் பிறகு வெங்காயம் தாளித்துக் குழம்பு வைத்தார்கள். வாணி ரெண்டு தடவை சோறு போட்டுக்கொண்டாள். பிள்ளைக்கு என்ன பேர் வைப்பது என்று பேச்சு வந்தது. "அவரு வந்து சொல்லட்டும்" என்று வாணி முடித்துவிட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் வாணி பாயை விட்டு எழவில்லை. "வயிறு கல்லு மாதிரி கனமா கீதும்மா. நேத்திக்கு உதைக்கவே இல்ல" என்றாள்.

"தூங்கிகினு இருக்கும். புள்ளைங்க தூங்காதா?" என்று பாப்பம்மாள் சொன்னாள். வாசல் தெளித்தாள். கோலம் போட உட்கார்ந்து புள்ளி மட்டும் வைத்தாள். அப்படியே விட்டுவிட்டு நிலையில் வந்து நின்றாள்.

வண்டி தெருமுனையில் திரும்பியது. பொடிசுகள் பின்னால் ஓடி வந்தன. வாசலில் நின்றது. காது திரும்பியது. உறுமியது.

"இவ்வீட்டில் இருவர் உள்ளனர்."

பழக்கத்தில் "மூவர்!" என்று கத்திவிட்ட ஒரு பையன் நாக்கைக் கடித்துக்கொண்டான். தாண்டவராயன் கார்டைப் பார்த்தார். "ரெண்டு பேரு. கணக்கு சரியாப் போச்சி" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு, என்ன சொன்னோம் என்று புரிந்து அப்படியே நின்றுவிட்டார்.

"ஐயா!" பாப்பம்மாள் படியை விட்டுத் தாவி இறங்கினாள். "ஐயா, நான் வெளிய நின்னேன்யா. ஒரு காலு படிக்கு வெளிய இருந்துச்சி. என்ன எண்ணல அது. உள்ள கீறது ரெண்டு, நானு ஒண்ணு. இன்னொரு தபா எண்ணச் சொல்லுங்கய்யா. காலுல வுழுறேன்!"

அவள் உள்ளேதான் நின்றாள். தாண்டவராயனுக்கும் அது தெரியும், எதிர்வீட்டு வாசலில் நின்ற கங்கம்மாளுக்கும் தெரியும். ஒருத்தரும் அதைச் சொல்லவில்லை. பாப்பம்மாள் ஓடிப்போய் அந்த அலுமினியக் காதை ரெண்டு கையாலும் பிடித்து வீட்டுப் பக்கம் திருப்பினாள். யாருக்கும் கேட்கக் கூடாது என்று ஆடியில் மூச்சை அடக்கி வாழ்ந்தவள், அந்தக் காதுக்குள் வாயை வைத்து, "நல்லா கேளு. என் கண்ணு இல்ல, கிட்ட வந்து நல்லா கேளு" என்று கெஞ்சினாள்.

தாண்டவராயன் பொத்தானை அழுத்தினார். "போம்மா. உள்ள போயி இரு. மறுபடியும் எண்ணட்டும்."

பாப்பம்மாள் உள்ளே ஓடினாள். பாயில் வாணி பக்கத்தில், அவளை ஒட்டி உட்கார்ந்தாள். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். வெளியே அது உறுமுகிற சத்தம் மட்டும் வந்தது.

"இவ்வீட்டில் இருவர் உள்ளனர்."

வாணி வயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை. சுப்பிரமணி வீட்டுச் சேதி அவளுக்கும் தெரியும். தாயின் முகத்தையே பார்த்தாள்.

"யம்மா," என்றாள், "நீ உள்ளதான கீற?"